பேய் பழத்துக்குள்ளேயே இருக்கிறது

ஹாலோவீனுக்குக் குழந்தைகளோடு சேர்ந்து பழத்தில் என்ன செய்யலாம் என்று இணையத்தில் தேடினால் வருகிற படங்களெல்லாம் ஒரே வார்ப்புதான். வெள்ளைச் சாக்லேட்டில் தோய்த்த ஸ்ட்ராபெர்ரி, அதன்மேல் இரண்டு சர்க்கரைக் கண். கிவிக்குச் சாக்லேட்டில் தலைமுடி. மார்ஷ்மெல்லோவைப் பல்லாக அடுக்கிய ஆப்பிள். பழம் அடியில் எங்கேயோ இருக்கும், மேலே ஒட்டியிருப்பதெல்லாம் மிட்டாய், குழந்தை மேலே இருப்பதைச் சுரண்டித் தின்றுவிட்டுப் பழத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஓடிவிடும். அதற்கு நேராக மிட்டாயையே கொடுத்துவிடலாம், வேலையாவது மிச்சம்.

போதாததற்கு ஸ்ட்ராபெர்ரியும் புளூபெர்ரியும் அக்டோபர் மாதச் சேலத்தில் எங்கே கிடைக்கும்? கிடைத்தாலும் கண்ணாடி டப்பாவில் அடைத்து வைத்த விலையைப் பார்த்தாலே பேய் பிடித்துவிடும்.

நான் சொல்ல வருவது இதுதான்: பழத்தின்மேல் பேயை ஒட்ட வேண்டியதில்லை, பழத்துக்குள்ளேயே இருக்கிறது. கத்தியை வைத்து எந்தத் திசையில் வெட்டினால் அது வெளியே வரும் என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. அதைப் பெரியவர்களைவிடக் குழந்தைகள் சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள்.

என் தங்கை பெங்களூரில் இருக்கிறாள். அவள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்டோபர் 31 அன்று பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் வாளியோடு வீடு வீடாகப் போவது வழக்கமாகிவிட்டது. அந்த வாரத்தில் விடுமுறை அமைந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏற்காட்டில் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் மலைக்குக் கீழே சேலம் அஸ்தம்பட்டியில் இருப்பதால் பழம் வாங்கி மேலே கொண்டுபோகிற வேலை என்னுடையது. 20 கொண்டை ஊசி வளைவிலும் பப்பாளி உருளாமல் மடியில் பிடித்துக்கொண்டு போவது ஒரு தனிக் கலை.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள்: நமக்கு எதற்கு இந்த வெளிநாட்டுப் பேய்த் திருவிழா? ஆடியில் சேலம் குகைக்கு வந்து வண்டி வேடிக்கையைப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். சாமியும் அசுரனும் எமனுமாக வேஷம் கட்டிக்கொண்டு, ஜோடித்த வண்டிகளில் நின்றுகொண்டு வருவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளையில் காளி வேஷத்தோடு சுடுகாட்டுக்கே போகிறவர்கள் நாம். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் முன்னால் பூசணிக்காயில் கோரைப்பல்லும் முறுக்கு மீசையும் வரைந்து தொங்கவிடுகிற நம்மிடம் ஒரு அமெரிக்கக் குழந்தை வந்து ‘நாங்களும் பூசணிக்காய்க்கு முகம் வைப்போம்’ என்றால் நமக்கு என்ன புதுசு?

அந்தப் பூசணியும் ஆதியில் பூசணி இல்லை. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் உள்ளே விளக்கு வைத்தார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் கையில், அங்கே மலிவாகவும் பெரிதாகவும் கிடைத்த பூசணி வந்து சேர்ந்தது. கிடைத்ததைக் குடைவதுதான் மரபு என்றால் நாம் பப்பாளியைக் குடைவதும் மரபுக்குள்தான் வரும். நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள், அதன் முந்தைய இரவுதான் ஹாலோவீன். மறுநாள், அதாவது நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்றைக்கு ஏற்காட்டிலும் சேலத்திலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறையைச் சுத்தம் செய்து பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்க்கலாம். அந்த நாட்கள் நமக்குத் தெரியாதவை இல்லை, முந்தின ராத்திரியின் கூத்துதான் புதிது. சரி, பழத்துக்கு வருவோம்.

என் கட்சி சிவப்புக் கொய்யா. வெளியே சாதுவாகப் பச்சையாக இருக்கும், பிளந்தால் உள்ளே ஈறு நிறம். நான்காக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தோல் பக்கமும் நடுவில் நீளவாக்கில் ஒரு கீற்றை எடுத்துவிட்டால் போதும், சிவந்த வாய் திறந்துகொள்ளும். தேங்காயைக் காகிதக் கனத்துக்குச் சீவி முக்கோணமாக வெட்டிச் செருகினால் பல். ஒழுங்காக அடுக்க வேண்டாம். பல் கோணலாக இருக்க இருக்கத்தான் அழகு, ஒன்றிரண்டு விழுந்திருந்தால் இன்னும் நல்லது. பெரிய பிள்ளைகள் மேலே உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக்கொள்ளலாம், அது ரத்தத்துக்கு ரத்தம், ருசிக்கு ருசி. பச்சைப் பாதாம், வேர்க்கடலை வெண்ணெய் எல்லாம் வைத்து ஆப்பிளில் செய்கிற அந்த அமெரிக்க வாயைவிட இது பல மடங்கு கோரம். ஏனென்றால் ஆப்பிளின் உள்ளே வெள்ளை, கொய்யாவின் உள்ளே சதை.

பெரியவர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு: 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி கிட்டத்தட்ட 228 மில்லிகிராம், ஆரஞ்சில் 53 அளவில்தான், ஆப்பிளில் 5-கூட இல்லை. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். ‘சாப்பிடு, உடம்புக்கு நல்லது’ என்று ஆரம்பித்தால் அந்தக் கணமே பேய் செத்துப்போய் வீட்டுப்பாடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘இதோட நாக்கை முதலில் பிய்த்துத் தின்னு’ என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்து பப்பாளி. இதை நீளவாக்கில் பிளந்து பிள்ளைகள் முன்னால் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே கருகருவென்று வழவழப்போடு மின்னுகிற விதைகளைப் பார்த்து ஒருத்தன் ‘தவளை முட்டை’ என்றான். ‘இல்லடா, சிலந்திக் குஞ்சு’ என்றாள் தங்கை மகள். கரண்டியைக் கொடுத்தால் போட்டி போட்டுக்கொண்டு வழிப்பார்கள். பரங்கிக்காயைக் குடைவது பெரியவர்களுக்கே கை நோகும், கத்தி வழுக்கினால் விரல் போகும். பப்பாளி அப்படி இல்லை. பாதிக்கு மேல் மஞ்சள் ஏறிய, ஆனால் அமுக்கினால் அமுங்காத பழமாகப் பார்த்து வாங்கி, காம்புப் பக்கம் மூடி போல் வெட்டியெடுத்து, விதையை வழித்துவிட்டால் உள்ளே இயற்கையாகவே குடைந்த கூடு. கண், மூக்கு, வாயைச் சின்ன ஸ்டீல் கத்தியால் எட்டு வயதுப் பிள்ளையே வெட்டிவிடும். மெழுகுவர்த்தி வைக்காதீர்கள், புகைவாசம் ஏறிவிடும், அப்புறம் யாரும் தின்ன மாட்டார்கள். பேட்டரியில் எரிகிற சின்ன விளக்கைக் கண்ணாடி டம்ளரில் போட்டு உள்ளே வைத்தால் போதும். ஏற்காட்டில் அந்த மாதத்தில் சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் மூடுபனி ஏறிவிடுகிற நாட்கள் உண்டு, திண்ணையில் அந்த ஆரஞ்சு முகம் எரிந்துகொண்டிருந்தால் வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ரொம்பக் காயாக இருந்தால் பால் வடியும், கை அரிக்கும், அதனால்தான் மஞ்சள் ஏறியதாகப் பாருங்கள் என்கிறேன்.

ஒரு எச்சரிக்கை, திண்ணையில் வைப்பதானால் குரங்கு. மலைப்பாதையில் மட்டுமல்ல, வீடுகளுக்கும் வரும். அவற்றுக்குப் பேய் முகமும் ஒன்றுதான், சாமி முகமும் ஒன்றுதான்.

மாதுளையை உடைக்கச் சொல்லிக்கொடுக்கும் நாகரிகமான வழி ஒன்று உண்டு, தண்ணீர் நிறைந்த பாத்திரத்துக்குள் வைத்து உதிர்த்தால் முத்து அடியில் போய்விடும், வெள்ளைத் தோல் மிதக்கும், சாறு தெறிக்காது. ஹாலோவீனுக்கு அந்த வழி வேண்டாம். பழைய பனியனை மாட்டிவிட்டு வெறும் கையால் உடைக்கச் சொல்லுங்கள். வேஷச் செலவும் மிச்சம். மாதுளைக் கறை லேசில் போகாது, அந்தத் தோலில் துணிக்குச் சாயமே ஏற்றுவார்கள், அதனால் நல்ல துணியும் வெள்ளை மேஜை விரிப்பும் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது.

சீத்தாப்பழம்தான் அக்டோபரில் சேலத்தின் சொந்தப் பேய். கூடை கூடையாக வரும், தொட்டால் சொரசொரப்பு, பிளந்தால் வெள்ளைச் சதைக்குள் எங்கு பார்த்தாலும் கருப்புக் கண்கள். ஒன்றும் செய்ய வேண்டாம், அப்படியே தட்டில் வைத்து ‘நூறு கண் பூதம்’ என்று பேர் வைத்தால் முடிந்தது. ஆனால் இங்கே கண்டிப்பாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த விதை அவ்வளவு பளபளப்பாக இருப்பதால் அதைக் கழுவியெடுத்து வாழைப்பழத்துக்குக் கண்ணாக வைக்கலாமே என்று தோன்றும், பிள்ளைகளுக்குக் கட்டாயம் தோன்றும். கூடாது. சீத்தா விதை நஞ்சு. ஊரில் அதை அரைத்துத் தலையில் பேனுக்குப் பூசுவார்கள், அந்த அரைத்த பொடியோ விழுதோ கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். சுளையைத் தின்னலாம், விதையைக் கடித்து உடைக்கக் கூடாது, நசுக்கி விளையாடக் கூடாது, தின்று முடித்ததும் விதையை எண்ணிக் குப்பையில் போட வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குப் பெரியவர் யாராவது விதை நீக்கிச் சுளையை மட்டும் கிண்ணத்தில் கொடுத்துவிடுவது நல்லது, அவர்களுக்கு நூறு கண் பூதம் கண்காட்சி மட்டும்தான்.

கண்ணுக்குக் கருப்பு உலர் திராட்சையைக் கிள்ளி வைத்தால் போதும். இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் கருப்பு எள்.

வாழைப்பழப் பேய் எல்லோரும் செய்வது, அதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுதான் உண்டு: மோரிஸ் வேண்டாம், ரஸ்தாளி வாங்குங்கள். சதை வெள்ளையாக இருக்கும், குட்டையாகத் தொப்பையோடு நிற்கும், பாதியாக வெட்டி நிமிர்த்தினால் சாயாது. ஆரஞ்சும் அப்படித்தான், கமலா ஆரஞ்சின் தோல் கையோடு கழன்று வரும், உரித்து முழுசாக வைத்து நடுவில் கறிவேப்பிலைக் காம்பைச் செருகினால் குட்டிப் பூசணி. வீட்டில் இருப்பதிலேயே சின்னக் குழந்தைக்கு இந்த வேலையைக் கொடுத்துவிட்டால் கத்திப் பக்கம் வராது.

ஆப்பிளை வெட்டினால் பழுப்பாகிவிடுகிறதே என்று எலுமிச்சைச் சாறு தடவச் சொல்வார்கள். வெட்டுப்பட்ட இடத்தில் இருக்கிற நொதியும் காற்றும் சேர்ந்துதான் அந்தப் பழுப்பு, எலுமிச்சையின் புளிப்பு அந்த நொதியை அடக்கிவிடும். அதெல்லாம் டிபன் டப்பாவுக்கு. இங்கே மண்டையோடு செய்கிறோம் என்றால் பழுப்பாகட்டுமே. தோல் சீவிய பாதி ஆப்பிளில் இரண்டு கண்குழி, ஒரு மூக்கு, வரிசையாகப் பல் கீறி, ஒரு அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுப் போய் வந்தால் அதுவே மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த நிறத்துக்கு வந்திருக்கும். ருசியில் பெரிய மாற்றமில்லை.

எலுமிச்சையைப் பற்றிச் சொன்னதும் அம்மா ஞாபகம் வருகிறது. நாங்கள் இத்தனை பழத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “பேய்க்கு எதுக்குடி இத்தனை பழம்? ஒரு எலுமிச்சம்பழம் போதுமே” என்றார். அதோடு விட்டிருந்தால் சரி. தங்கை மகன் எலுமிச்சையைப் பாதியாக வெட்டி, பீட்ரூட் சாற்றைத் தடவி, இரண்டையும் வாசற்படியின் இரண்டு பக்கமும் கண்ணாக வைத்துவிட்டான். அம்மா விளக்கேற்ற வந்தவர் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். “யாரு கண்ணு இதை இங்க வெச்சது?”

“நான்தான் அம்மாயி. பேயோட கண்ணு.”

“பேயோட கண்ணா இருந்தா உள்ள எடுத்துட்டு வா. வாசல்ல இருந்தா வேற அர்த்தம்.”

இதைத்தான் நான் சொல்கிறேன், மற்ற எந்த நாட்டிலும் ஒரு எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டிச் சிவப்புப் பூசினால் ஒருவரும் பயப்பட மாட்டார்கள். நம் ஊரில் அதற்கு மேல் எந்த அலங்காரமும் தேவையில்லை.

சேலத்தில் இருந்துகொண்டு ஜவ்வரிசியை விட்டுவிட்டால் எப்படி. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி ஆலைகளின் ஊர் இது, ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் இங்கேதான் இருக்கிறது. ஜவ்வரிசியை ஊறவைத்து வேகவைக்கும்போது, முழுசாக வேகுவதற்குச் சற்று முன்னால் பாருங்கள், மணி முழுக்கக் கண்ணாடியாகி நடுவில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும். மணி எத்தனையோ அத்தனை கண். அதைப் பிள்ளைகளுக்குக் கரண்டியில் எடுத்துக் காட்டிவிட்டு, புள்ளி மறையும்வரை வேகவிட்டு, வடிகட்டி, குளிர்ந்த தண்ணீரில் அலசினால் ஒட்டாமல் உதிரும். பாதியைப் பீட்ரூட் சாற்றில் போட்டு வைத்தால் சிவக்கும், பாதியை அப்படியே விடுங்கள். தேங்காய்ப் பாலில் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை கரைத்து, இரண்டு ஜவ்வரிசியையும் போட்டு, நறுக்கிய பப்பாளி, மாதுளை முத்து, கருப்புத் திராட்சை சேர்த்தால் கரண்டியில் வழுக்கி வழுக்கி ஓடுகிற ஒரு கிண்ணம். இதற்குப் பேர் வைப்பதற்கு மட்டும் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது, ஜெயித்த பேரை இங்கே எழுத முடியாது.

திராட்சையை ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழுசாகக் கொடுக்கக் கூடாது. தொண்டைக் குழாயை அடைக்கச் சரியான அளவு அது. நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும், குறுக்கே வட்டமாக வெட்டினால் பயனில்லை, வட்டம்தான் அடைக்கும். முழு வேர்க்கடலை, பாப்கார்ன், கெட்டியான தேங்காய்த் துண்டும் அந்த வயதுக்கு வேண்டாம், கொய்யா வாயில் அவர்களுக்கு மட்டும் பல்லுக்குப் பதிலாகப் பேரிக்காயை மெல்லிசாகச் சீவி வையுங்கள், கொய்யாவின் நடுவில் இருக்கிற கெட்டி விதையையும் வழித்துவிடுங்கள். பல் குச்சியில் குத்திக் கொடுப்பதையும் விட்டுவிடலாம், ஓடுகிற பிள்ளை கையில் அது ஆயுதம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் கடலையோ வேறு எதுவுமோ ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்களா என்று முன்னாலேயே அம்மா அப்பாவிடம் கேட்டுவிடுங்கள்.

ஜெல்லி செய்கிறவர்களுக்கு: ஜெலட்டினில் பச்சையாகப் பப்பாளியோ அன்னாசியோ போட்டால் உறையாது, அவற்றில் இருக்கிற நொதி ஜெலட்டினைத் தின்றுவிடும். கடல்பாசியில் போட்டால் உறையும், குளிர்சாதனப் பெட்டிகூட வேண்டாம், ஏற்காட்டுக் குளிரில் மேஜையிலேயே உறைந்துவிடும்.

கடைசியில் மந்திரத் தண்ணீர். வேலியில் படர்ந்திருக்கிற நீலச் சங்குப்பூவைப் பறித்து, காம்பையும் பச்சைப் பகுதியையும் கிள்ளிவிட்டு, கொதிக்கிற தண்ணீரில் போட்டு மூடிவைத்தால் தண்ணீர் மை நீலமாகும். ஆறவைத்துக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஆளுக்கு ஒரு எலுமிச்சைத் துண்டைக் கொடுங்கள். பிழியப் பிழிய நீலம் ஊதாவாகும், இன்னும் பிழிந்தால் ரோஜா நிறம். பூவின் நிறமி புளிப்பு பட்டால் நிறம் மாறுகிற ஜாதி, கருப்புத் திராட்சைத் தோலிலும் மாதுளையிலும் இருப்பது அதன் உறவுதான். தேன் கலந்து குடிக்கலாம், ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது. பெரிய பையன்கள் இன்னொரு டம்ளரில் சிட்டிகை சமையல் சோடா போட்டுப் பார்த்துப் பச்சையாவதைக் கண்டுபிடிப்பார்கள், அந்த டம்ளரைக் குடிக்க விடாமல் கொட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு மிகவும் கத்தல் போட வைத்தது பப்பாளியும் இல்லை, கொய்யாவும் இல்லை, இந்த நிறம் மாறுகிற தண்ணீர்தான்.

2024-இல் தீபாவளியே அக்டோபர் 31-இல் வந்துவிட்டதால் பேய்கள் அதிரசத்துக்கு வழிவிட்டன. தீபாவளி முன்னாலேயே வந்துவிடுகிற வருஷங்களில் பலகாரம் முடிந்தோ முடியாமலோ இருக்கிற சமயம் அது, வீட்டில் ஏற்கெனவே இனிப்பு மலையாகக் கிடக்கும், அதற்கு மேல் ஒரு மிட்டாய் வாளி எதற்கு என்பதுதான் தங்கை இதற்கு ஒத்துக்கொண்டதற்கு முக்கியக் காரணம். அதற்காக ஒரு துண்டு சாக்லேட் கேட்ட குழந்தையை விரட்டவும் வேண்டாம், கொடுத்துவிட்டுப் போங்கள்.

என்ன வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: பத்துப் பிள்ளைகளுக்குச் சிவப்புக் கொய்யா ஒன்றரைக் கிலோ, முகத்துக்கு ஒன்றும் கிண்ணத்துக்கு ஒன்றுமாக இரண்டு பப்பாளி, மாதுளை நான்கு, கமலா ஆரஞ்சு ஆளுக்கு ஒன்று, ரஸ்தாளி ஒரு சீப்பு, ஆப்பிள் ஐந்து, பேரிக்காய் இரண்டு, சீத்தா நாலைந்து, கருப்புத் திராட்சை அரைக் கிலோ, எலுமிச்சை பத்து, தேங்காய் இரண்டு, ஜவ்வரிசி கால் கிலோ. உழவர் சந்தைக்குக் காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், சிவப்புக் கொய்யா முதலில் தீர்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சிவப்பா வெள்ளையா என்று தெரியாது, ஒன்றை வெட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், இவ்வளவு வாங்கினால் கொசுறாகவே போடுவார்கள்.